பம்பு செட் பலகையும் பத்தாம் வகுப்புப் பாடமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் மோட்டார் காயில் கட்டும் கடைகளின் வாசலைப் பார்த்தால் நிலைமை புரியும். காயில் கருகிய மோட்டார்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். கரும்பும் வாழையும் தண்ணீருக்குத் தவிக்கும் நேரம் அது. மோட்டாரைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, பழைய காயிலைப் பிரித்து, புதிய காயில் கட்டி, மீண்டும் கிணற்றில் பொருத்துவதற்குள் நான்கைந்து நாட்கள் ஓடிவிடும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் கூலி இலவசம் அல்ல. அந்த நான்கைந்து நாட்களில் வாடிய பயிருக்கோ ஈடே இல்லை.

காயில் போனதற்குக் காரணம் கேட்டால், “வோல்டேஜ் இல்லை, அதனால் கருகிவிட்டது” என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அது பாதி உண்மை. மீதிப் பாதியை மோட்டார் கொட்டகையின் பலகையில் பார்க்கலாம். பியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருக்கும். ஸ்டார்ட்டரின் ரிலே, கடைசி எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். பச்சைப் பித்தானுக்கு முட்டுக் கொடுத்து ஒரு குச்சி செருகியிருக்கும். எர்த் கம்பி அறுந்து தொங்கும்.

அதே வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, மின்னோட்டவியல் பாடத்தில் மின்சுற்றுப் படம் வரைந்துகொண்டிருக்கும். மின்கலம், சாவி, மின்தடை, அம்மீட்டர், வோல்ட் மீட்டர், உருகி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டு வரையும். அந்தப் படத்தில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை கிணற்று மேட்டுப் பலகையிலும் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் மின்கலம் இருக்கும் இடத்தில் இங்கே டிரான்ஸ்பார்மர். மின்தடை இருக்கும் இடத்தில் மோட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பலகையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றை வேலை செய்யவிடாமல் தடுத்தால், அதன் சுமை அடுத்ததன் மேல் விழும். கடைசியில் அது மோட்டாரின் மேல் விழும். அல்லது மோட்டாரைத் தொடுகிறவரின் உயிரின் மேல் விழும்.

மூன்று சொற்கள்

முதலில் மூன்று சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. வோல்ட், ஆம்பியர், ஓம் என்பவை அவற்றை அளக்கும் அலகுகள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே வயலுக்குத் தண்ணீர் விடுவதாக வைத்துக்கொள்வோம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு விசையுடன் தண்ணீர் இறங்கும். இந்த உயரம்தான் மின்னழுத்தம். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை குடம் வருகிறது என்பது மின்னோட்டம். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் வரத்து குறையும் அல்லவா? அந்தத் தடங்கல்தான் மின்தடை.

இந்த மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் நூலாக வெளியிட்டார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும் என்பதே அவருடைய விதி. 230 வோல்ட்டில் 460 ஓம் தடையுள்ள குண்டு பல்பை மாட்டினால் அரை ஆம்பியர் ஓடும். வோல்ட் பாதியானால் ஓட்டமும் குறையும், பல்பு மங்கும்.

மோட்டார் மட்டும் ஏன் அதிகம் இழுக்கிறது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைய வேண்டும் என்றுதானே விதி சொல்கிறது? அப்படியானால் வோல்டேஜ் குறைந்த நாளில் மோட்டார் ஏன் அதிக ஆம்பியர் இழுத்துக் கருகுகிறது?

விதி பொய்யாகவில்லை. மோட்டார் வெறும் கம்பிச் சுருள் அல்ல என்பதே விடை. காயிலின் தடை சில ஓம்களே இருக்கும். ஆனால் மோட்டார் சுற்றும்போது, வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து அதனுள்ளேயே ஒரு எதிர் மின்னழுத்தம் உண்டாகிறது. மடையில் வரும் தண்ணீரை எதிர்த்து ஒரு கதவு தள்ளிப் பிடிப்பது போல, இந்த எதிர் அழுத்தம்தான் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றும் வரை கதவு நன்றாகப் பிடிக்கும். வேகம் தளர்ந்தால் பிடி தளரும், ஓட்டம் பெருகும்.

மோட்டாரைப் போட்ட நொடியில் அது சுற்றத் தொடங்கியிருப்பதில்லை. அந்த நேரத்தில் எதிர்ப்பிடி கிடையாது. அதனால்தான் நேரடி ஸ்டார்ட்டரில் புறப்படும்போது வழக்கமான ஓட்டத்தைப் போல ஏறக்குறைய 6 மடங்கு ஆம்பியர் பாய்கிறது. சில விநாடிகளில் வேகம் பிடித்ததும் அது அடங்கிவிடும். மணல் சிக்கியோ பேரிங் இறுகியோ மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால் அந்த 6 மடங்கு அடங்காது. காயில் புகையும்.

வோல்டேஜ் குறைந்தபோது நடப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கவலை ஏற்றத்தில் மாட்டுக்குத் தீனி குறைந்தாலும் சாலின் கனம் குறையாது. அதுபோல, கரண்ட் குறைந்தாலும் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். எனவே மோட்டார் சற்று வேகம் தளர்ந்து, வோல்ட்டில் குறைந்ததை ஆம்பியரில் ஈடுகட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். அதே சுமையை 330 வோல்ட்டில் இழுக்க வேண்டுமானால் சுமார் 9.4 ஆம்பியர் தேவை. இரண்டு ஆம்பியர்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெப்பத்தின் கணக்கு

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடு பிறக்கும். எவ்வளவு சூடு என்பதை 1840-களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் ஆராய்ந்து சொன்னார். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்க வேண்டும். எனவே ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

7.5 ஆம்பியர் 9.4 ஆம்பியர் ஆகும்போது ஓட்டம் கால் பங்கு கூடுகிறது. ஆனால் சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. காயில் கம்பியின் மேல் உள்ள மெல்லிய வார்னிஷ் பூச்சும், இடையில் செருகிய காகிதமும் இந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு கூடும்போதும் இந்தப் பூச்சின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. ஆகவே குறைந்த வோல்டேஜில் ஓட்டிய மோட்டார் அன்றைக்கே கருகாவிட்டாலும், அதன் ஆயுள் அன்றைக்கே குறைந்துவிடுகிறது.

இதே கணக்கு கம்பி இணைப்புகளுக்கும் பொருந்தும். முறுக்கிவிட்ட இணைப்பு தளர்ந்தோ துருப்பிடித்தோ அங்கே 1 ஓம் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். 7.5 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 56 வாட் சூடு பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலில் 25 அல்லது 35 வாட்தான் இருக்கும். தளர்ந்த இணைப்பு கருத்துப் போவதும், பியூஸ் கட்டை வெடித்துப்போவதும், அந்த வழியாகவே ஒரு பேஸ் போய்விடுவதும் இதனால்தான். மாதம் ஒரு முறை மெயினை நிறுத்திவிட்டு, ஒயர்மேனைக் கொண்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிடுவது நல்லது.

மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு வரை போகும் கம்பியிலும் கஞ்சத்தனம் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 100 மீட்டர் நீளம் போனால் ஒரு கம்பிக்கு ஏறக்குறைய 0.7 ஓம் தடை உண்டு. 7.5 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் 5 வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. மூன்று கம்பிகளிலும் சேர்த்துச் சுமார் 118 வாட் வீணாகச் சூடாகிறது. பகலெல்லாம் ஒரு 100 வாட் பல்பை எரியவிட்டதற்குச் சமம். அலுமினியக் கம்பியானால் அதே பருமனுக்குத் தடை சுமார் 1.6 மடங்கு. ஏற்கெனவே வோல்டேஜ் குறைந்த ஊரில், மெல்லிய கம்பி அதை மேலும் குறைக்கிறது. கிணறு தூரத்தில் இருந்தால் கம்பியின் பருமனைக் கூட்டத்தான் வேண்டும்.

பியூஸ்: தெரிந்தே வைத்த பலவீனம்

சங்கிலி அறுந்தால் அதன் மெலிந்த கண்ணியில்தான் அறும். அந்த மெலிந்த கண்ணி எங்கே இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதுதான் பியூஸ். பாடப் புத்தகம் இதை உருகி என்று சொல்கிறது. அளவுக்கு மீறி ஓட்டம் வந்தால், மோட்டார் காயில் கருகுவதற்கு முன்பாக இந்தச் சிறு கம்பி உருகி, சுற்றைத் துண்டித்துவிடும்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று இரட்டைக் கம்பி போடுவது வழக்கமாகிவிட்டது. சிலர் ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளையே முறுக்கிக் கட்டிவிடுகின்றனர். கம்பியின் தடிமன் இரு மடங்கானால், அது உருகுவதற்கு வேண்டிய ஆம்பியர் ஏறக்குறைய 3 மடங்காகிறது. அப்படிப்பட்ட பியூஸ் போகவே போகாது. அதற்குப் பதிலாக மோட்டார் போகும். மெலிந்த கண்ணி பலகையிலிருந்து காயிலுக்கு இடம் மாறிவிட்டது என்பதே இதன் பொருள்.

பியூஸ் கம்பி, புறப்படும் நேரத்து 6 மடங்கு ஓட்டத்தைச் சில விநாடிகள் தாங்க வேண்டும். அதற்கு மேல் தாங்கக் கூடாது. மோட்டார் கம்பெனி தரும் அட்டவணையில் உள்ள அளவைக் கேட்டு வாங்கி, மூன்று கட்டைகளிலும் ஒரே அளவாகப் போட வேண்டும். ஒன்றில் தடிப்பும் ஒன்றில் மெலிவுமாகப் போட்டால், மெலிந்தது முதலில் போய், மோட்டார் இரண்டு பேஸில் தவிக்கும். சரியான கம்பி போட்டும் பியூஸ் திரும்பத் திரும்பப் போனால், குற்றம் பியூஸில் இல்லை. அது ஏதோ சொல்ல வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட்டர்: இரண்டு காவலர்கள்

பச்சைப் பித்தானை அமுக்கினால் மோட்டார் ஓடுகிறது, சிவப்பை அமுக்கினால் நிற்கிறது. ஸ்டார்ட்டரின் வேலை இவ்வளவுதான் என்று பலர் எண்ணுகின்றனர். அதனுள் இரண்டு காவலர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் காவலர் நோ-வோல்ட் காயில். இரும்பின் மேல் கம்பி சுற்றி மின்சாரம் விட்டால் அது காந்தமாகும் என்பது பள்ளிப் பாடம். இந்தக் காயில் காந்தமாகித்தான் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கரண்ட் நின்றாலும், வோல்டேஜ் மிகவும் இறங்கினாலும், காந்தம் வலுவிழக்கும், தொடுமுனை பிரியும், மோட்டார் நின்றுவிடும். கரண்ட் திரும்ப வந்தால் தானாக ஓடாது. யாராவது வந்து பித்தானை அமுக்க வேண்டும்.

இரவில் கரண்ட் வரும் நேரத்துக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று, பித்தான் மேல் குச்சியை முட்டுக் கொடுத்துவிடுகின்றனர். அதன் விளைவு ஒரு கிணற்றோடு நிற்பதில்லை. ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் ஒரு லைனுக்குச் சுமார் 135 ஆம்பியர் தரும். அதில் 5 எச்.பி. மோட்டார்கள் 15 இருந்தால், ஓடும்போது எடுப்பது சுமார் 112 ஆம்பியர். தாங்கும். ஆனால் கரண்ட் வந்த நொடியில் பதினைந்தும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், தேவை 675 ஆம்பியர். ஐந்து மடங்கு. வோல்டேஜ் படுத்துவிடும், எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காமல் எல்லாம் உறுமிக்கொண்டே சூடேறும். டிரான்ஸ்பார்மர் பியூஸ் போனால் அதிர்ஷ்டம். காயில் போனால் நஷ்டம். தானாக ஓட்டும் ஆட்டோ சுவிட்ச் வைத்திருப்பவர்கள், அதிலுள்ள கால தாமத அமைப்பை அக்கம் பக்கத்தாருடன் பேசி, ஒருவருக்கு ஒரு நிமிடம், அடுத்தவருக்கு இரண்டு நிமிடம் என்று மாற்றி வைத்துக்கொண்டால் எல்லார் மோட்டாரும் பிழைக்கும்.

இரண்டாவது காவலர் ஓவர்லோடு ரிலே. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி வைத்தால், சூடேறும்போது அது வளையும். மோட்டாருக்குப் போகும் ஓட்டம் மிகுந்தால் இந்தப் பட்டை வளைந்து, நோ-வோல்ட் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்துவிடும். நேரடி ஸ்டார்ட்டரில் ரிலேயின் திருகை, மோட்டாரின் பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு நேராக வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பொருத்திய இடத்தைப் பொறுத்து இந்த அளவு மாறும். தெரிந்த ஒயர்மேன் வைத்துத் தருவார். ரிலே அடிக்கடி துண்டிக்கிறது என்று திருகைக் கடைசிவரை திருப்பிவிடுவது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு பேஸ் போனால்

மூன்று பேஸில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு வழியில் ஒரு பேஸ் அறுந்தால், அது உடனே நின்றுவிடாது. மீதி இரண்டு கம்பிகளைக் கொண்டே முனகிக்கொண்டு ஓடும். அந்த இரண்டு கம்பிகளில் ஓட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகும். சூட்டின் கணக்கைப் போட்டால் 3 மடங்கு. சில நிமிடங்களே போதும். பிரித்துப் பார்த்தால் காயிலில் சில பகுதிகள் கருகியும் சில பகுதிகள் புதிதுபோலவும் இருக்கும். மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் ஒரு பேஸ் போனதைச் சொல்லிவிடுவது அதைக் கொண்டுதான்.

இதற்கென்றே சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் என்ற சிறு கருவி விற்கிறது. ஒரு பேஸ் போனதும் அது ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பம். மூன்று பேஸ் வராத நேரத்தில் கண்டென்சர் சேர்த்து இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஓட்டும்போது மூன்று கம்பிகளிலும் ஆம்பியர் சமமாக இராது. முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓட்டினால் ஏதாவது ஒரு பக்கத்துக் காயில் சூடேறிக்கொண்டே போகும். பயிர் பிழைக்க ஒரு நாள் செய்தது வழக்கமாகிவிடக் கூடாது.

கண்டென்சர் செய்யும் வேலை

பாடத்தில் மின்தேக்கி என்று வருவதைத்தான் கிராமத்தில் கண்டென்சர் என்கிறோம். மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்துத் திருப்பித் தரும் பொருள் அது.

மோட்டார் லைனிலிருந்து எடுக்கும் ஓட்டம் முழுவதும் தண்ணீர் இறைக்கப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி, உள்ளேயுள்ள இரும்பைக் காந்தமாக்குவதற்காகப் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் இந்தப் போக்குவரத்து நடக்கிறது. அது வேலை செய்யாவிட்டாலும் கம்பியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஸ்டார்ட்டருக்கு அருகில் ஒரு கண்டென்சர் வைத்தால், இந்தப் போக்குவரத்து கண்டென்சருக்கும் மோட்டாருக்கும் இடையிலேயே முடிந்துவிடும். லைனில் நெரிசல் குறையும்.

5 எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கண்டென்சர் வைத்தால், லைனில் 7.5 ஆம்பியர் ஓடிய இடத்தில் சுமார் 6.3 ஆம்பியர்தான் ஓடும். ஆனால் மோட்டார் காயிலுக்குள் போகும் ஓட்டம் இதனால் நேரடியாகக் குறையாது. கண்டென்சர் வைத்தவருக்குத் தனியாகப் பெரிய பலன் தெரியாதது இதனால்தான். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லாரும் வைத்தால் லைன் முழுவதும் இழப்பு குறைந்து, கடைசிக் கிணற்றுக்கும் வோல்டேஜ் சற்று உயரும். கால்வாயில் தலைமடைக்காரர் ஒழுங்காக இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போவது போன்றது இது.

மெயினை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். நல்ல கண்டென்சரில் அதை வடிக்க ஒரு தடை உள்ளேயே இருக்கும் என்றாலும், சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் பிறகே முனைகளைத் தொட வேண்டும்.

எர்த்: பயிர்க் கணக்கல்ல, உயிர்க் கணக்கு

மேலே சொன்னவை எல்லாம் மோட்டாரைக் காப்பவை. மனிதரைக் காப்பது எர்த்.

காயிலின் பூச்சு எங்காவது உரிந்து இரும்பு உடலைத் தொட்டால், மோட்டாரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் வழக்கம்போல ஓடிக்கொண்டும் இருக்கலாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிற விவசாயி அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை ஓம் விதி சொல்லும். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்த கையும் காலும் உள்ள உடம்பின் தடை சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதில் பாதி கூட இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதும்.

இந்த இடத்தில் பியூஸை நம்ப முடியாது. 7.5 ஆம்பியர் ஓடும் சுற்றில் 0.23 ஆம்பியர் கூடியதைப் பியூஸ் உணராது. பியூஸ் கம்பியைக் காக்கும்; மனிதரைக் காக்காது.

எர்த் கம்பி நன்றாக இருந்தால், உடம்பில் ஏறிய மின்சாரம் அந்த வழியே பூமிக்குப் போகும். போகும் வழி முழுவதிலும் சேர்த்து 2 ஓம்தான் தடை என்றால் 115 ஆம்பியர் பாயும். பியூஸ் உடனே போய், ஆபத்து நீங்கிவிடும். கோடையில் எர்த் குழி காய்ந்து, அந்தத் தடை 20 ஓம் ஆகிவிட்டால், 11.5 ஆம்பியர்தான் பாயும். பியூஸ் போகாது. மோட்டார் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று பொருள் அல்ல.

ஆகவே சுமார் 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் குழிக்குத் தவறாமல் தண்ணீர் விட வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் தர வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும்.

இதோடு ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் வைப்பது நல்லது. அது போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கணக்கு ஒத்துவராவிட்டால், விடுபட்ட பங்கு வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, பூமிக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கருவி, ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பித்தானை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், பதற்றத்தில் அவரைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். ஸ்டார்ட்டரில் செருகும் ஈரக் குச்சியே பலருக்கு எமனாகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டு முட்கள் சொல்லும் சேதி

பள்ளிப் பாடத்தில், வோல்ட் மீட்டரை இணையாகவும் அம்மீட்டரைத் தொடராகவும் இணைக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். பலகையில் இந்த இரண்டு மீட்டர்களும் இருந்தும், அவற்றைப் பார்க்கும் பழக்கம் குறைவு. புது மோட்டார் நன்றாக ஓடும் நாளில் இரண்டு அளவுகளையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் எந்த மாற்றமும் அதை வைத்துத் தெரிந்துவிடும்.

வோல்ட் குறைவாகவும் ஆம்பியர் அதிகமாகவும் காட்டினால், வரும் மின்சாரத்தில் குறை. பெயர்ப் பலகை ஆம்பியரைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் ஏறியிருந்தால், குறை மோட்டாரிலோ பம்பிலோ இருக்கிறது. பேரிங் தேய்ந்திருக்கலாம், இம்பெல்லர் உரசலாம், மணல் சிக்கியிருக்கலாம்.

வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் இறங்கிவிட்டால், பம்பு தண்ணீர் தூக்கவில்லை என்று பொருள். புட்வால்வு ஒழுகுகிறதா, கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று பேஸையும் மாற்றிப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் ஆம்பியர் இல்லாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நிறுத்த வேண்டும்.

இந்த முட்களைப் படிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோ பையனோ போதும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போய், எதையும் தொடவிடாமல், பலகையில் எது உருகி, எது மின்தேக்கி, எது அம்மீட்டர் என்று காட்டச் சொல்லலாம். பிள்ளைக்குப் பாடம் மறக்காது. குச்சி எதற்கு, பியூஸில் இவ்வளவு தடித்த கம்பி எதற்கு என்று பிள்ளை கேட்டால், அன்றைக்கே அவற்றை எடுத்துவிடுவது, அடுத்த சித்திரையில் காயில் கடை வாசலில் காத்துக் கிடப்பதைவிட மலிவு.